கடைத்தெருவில் கிடைத்த குடை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை அலமாரித் தட்டில் கிடைத்தது. பழைய அலமாரி ஒன்றை வாங்கி வந்தோம். தட்டுகளில் ஏதோ ஒரு சிற்றூரின் பழைய வாரப் பத்திரிகையை விரித்திருந்தார்கள்.

“துடைக்கச் சொன்னா படிச்சிட்டு உக்காந்திருக்கீங்க” என்றாள் மனைவி.

மேல்தட்டில் இருந்தது: “கடைத்தெருவில் குடை ஒன்று கண்டெடுக்கப்பட்டது. உரியவர் நம் அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம்.” கீழ்த்தட்டில், அடுத்த வார இதழில்: “குடை உரியவரிடம் சேர்ந்தது.”

நடுவில் என்ன நடந்தது என்று யாரும் எழுதவில்லை. எனக்குக் கை சும்மா இருக்குமா?

2

மழை கொட்டிய ஒரு மாலையில் அந்தக் குடை தன் எசமானனை நினைத்து—

(வேண்டாம். குடை நினைக்க ஆரம்பித்தால் நான் தாங்கமாட்டேன்.)

இப்படி வைத்துக்கொள்வோம்: குடையே கிடையாது. எழுதுவது, அச்சடிப்பது, விற்பது எல்லாம் பத்திரிகைக்காரர் ஒருவர்தான். பக்கத்தின் அடியில் இடம் மிஞ்சினால் யாருக்கும் வலிக்காத ஒரு செய்தியைக் கற்பனை செய்து போட்டுவிடுவார். யார் வீட்டுப் பூனையோ நான்கு குட்டி போட்டதெல்லாம் அப்படி வந்ததுதான். பூனையைத் தேடி யாரும் வந்ததில்லை.

குடையைத் தேடி மறுநாளே வந்துவிட்டார்கள். முதலில் வந்தவர் சிவப்பு என்றார், அடுத்தவர் பச்சை என்றார். “உங்களுது இல்லைங்க” என்று இருவரையும் கூசாமல் அனுப்பிவிட்டார். (பொய் சொல்லவில்லை, கவனியுங்கள்.)

3

இந்த இடத்தில் எனக்கும் கதையில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. நிரப்புவதற்காக ஓர் அம்மாவை உள்ளே வரவைத்தேன். வந்தது வினை.

“கறுப்புக் குடைங்க. பிடியில பல்லுத் தடம் இருக்கும், எம் பொண்ணு சின்னதுல கடிச்சது. அவ அப்பா கோவிச்சுக்கிட்டுப் போனப்ப எடுத்துட்டுப் போனாரு. அதுக்கப்புறம் ஆளைக் காணோம்.”

ஆணியில் பத்திரிகைக்காரரின் சொந்தக் குடை தொங்கியது. அதுவும் கறுப்புதான். கொடுத்துத் தலைமுழுகிவிடலாம் என்று எழுந்தார்.

“குடையை நீங்களே வச்சுக்குங்க. எந்தக் கடை வாசல்ல கிடைச்சுதுன்னு மட்டும் சொல்லுங்க. அங்க போய் அவரைப் பத்திக் கேட்டுப் பாக்கறேன்.”

அவர் [உண்மையைச் சொன்னார் / ஒரு கடையைச் சொன்னார்

4

அடைப்புக்குறியை மூட முடியவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த அம்மாவுக்கு இருக்கும் ஒரே நம்பிக்கையும் போய்விடும். கடையைச் சொன்னால் கடை கடையாக அலைவார். எனக்கு மனசு கேட்கவில்லை.

“கீழ்த்தட்டுலதான் சேர்ந்ததுன்னு போட்டிருக்கே. நல்லபடியா முடிங்களேன்” என்கிறாள் மனைவி.

போட்டிருக்கிறது. ஆனால் அதுவும் பக்கத்தின் அடியில்தான் இருக்கிறது.

அந்த அம்மா இன்னும் போகவில்லை. பத்திரிகைக்காரர் என்னைப் பார்க்கிறார், நான் உங்களைப் பார்க்கிறேன். எந்தக் கடை வாசல் என்று நீங்களாவது சொல்லுங்கள்.