தெளிந்த ஏரியில் நழுவிய கயிறு

1

இந்தக் கதை நன்றிக்கடனில் பிறந்தது. நான் செய்தி சேகரிக்கப் போன இடத்தில், ஏரி நீரைச் சோதிக்கும் பெண் ஒருத்தி இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த ஏரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த உடம்புதான் என்னுடையதும். அதனால் முதல் வரி பிரமாதமாக இருக்கட்டும் என்று தொடங்கினேன்:

அன்று காலையிலிருந்தே ஏரியில் ஏதோ சரியில்லை என்று அவளுக்கு—

பொய். எல்லாம் சரியாகவே இருந்தது. கயிற்றில் கட்டி இறக்கிய வெள்ளைத் தட்டு வெகு ஆழம்வரை கண்ணுக்குத் தெரிந்தது. பாசிக்குத் தீனியே இல்லாத, பளிங்குத் தண்ணீர். தட்டு அப்படித் தெரிந்தால் மேல்மட்டத்தில் மட்டும் குப்பியை முக்கி எடுத்துக்கொண்டு கரையேறுவது அங்கே வழக்கம்.

2

படகில் அவளும் அண்ணனும். துடுப்பும் கயிறும் அண்ணன் பொறுப்பு. அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. மறுநாள் காலை டயாலிசிஸ். (இதைக் கடைசிவரை ஒளித்துவைப்பதுதான் சாமர்த்தியம் என்பார்கள். உங்களிடம் கண்ணாமூச்சி ஆட எனக்கு மனமில்லை.)

குப்பி நீரைத் தொட்ட நேரம் அண்ணி போனில் அழைத்தாள். அண்ணன் சட்டைப்பையைத் தடவ, குப்பியின் கயிறு கைநழுவிச் சரசரவென்று ஓடியது. பதறிப்போய் வெட்டி இழுத்ததில், சுண்டினால் மூடிக்கொள்ளும் அந்தக் குப்பி ஆழத்து நீரோடு அங்கேயே மூடிக்கொண்டது.

"துவைக்கிற பவுடர் வாங்கணுமாம். தண்ணிக்கு நடுவுல வந்தாலும் உங்க அண்ணி விடமாட்டா."

"ஒரு கயித்தப் பிடிக்கத் தெரியல உனக்கு. மறுபடி எடுக்கணும்."

"எந்த ஆழத்துல எடுத்தா என்ன? தண்ணி தண்ணிதானே, விடு."

கொட்டிவிடத்தான் அவள் குப்பியைச் சாய்த்தாள். பீட்ரூட் கழுவிய தண்ணீர் போல வந்தது.

3

[கதை கொஞ்சம் காத்திருக்கட்டும். பெயர் நீலப்பச்சைப் பாசி. இந்த வகையின் நிறமோ சிவப்பு. தண்ணீர் தெளிவாக இருப்பதால்தான் வெளிச்சம் ஆழம்வரை இறங்குகிறது. மங்கிய அந்த வெளிச்சமும் அடியிலிருந்து கசியும் சத்தும் போதும், நடு ஆழத்தில் ஒரு படலமாக மிதந்து பெருகும். மேலே ஏரி கண்ணாடிதான். இது சுரக்கும் நஞ்சைக் குடிப்பதே ஆபத்து. டயாலிசிஸ் இயந்திரம் இரத்தத்தைக் கழுவக் குடம் குடமாகத் தண்ணீர் எடுக்கும்; அதன் வழியே நஞ்சு நேரே இரத்தத்துக்குப் போய்விடலாம்.]

நகரத்துக்கும் அதன் ஆஸ்பத்திரிக்கும் தண்ணீர் உறிஞ்சும் குழாயின் வாய் அதே ஆழத்தில் இருந்தது.

கூர்மையான சந்தேகத்தால் உந்தப்பட்டு அவள்—

என்று எழுதிக் காட்டினேன். அடித்துவிடச் சொன்னாள். "சந்தேகமெல்லாம் படலைங்க. எரிச்சல்தான் பட்டேன்."

குப்பியைக் கொண்டுபோய்க் காட்டியதும் அவள் மேலதிகாரி, சோதனை முடிவு வரட்டும் என்று இழுத்தார்.

"முடிவு வர்றதுக்குள்ள எங்க அண்ணி அந்த டயாலிசிஸ் நாற்காலில உக்காந்துருவாங்க, சார்."

அன்றே குழாய் மூடப்பட்டது. மறுநாள் வேறிடத்துத் தண்ணீர் லாரியில் வந்தது, சிகிச்சை நடந்தது. நஞ்சு இருந்ததைப் பிறகு வந்த முடிவு உறுதிசெய்தது.

4

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அண்ணி எல்லாம் அறிந்து அழுகிறாள். இன்னொன்றில் அண்ணன்— வேண்டாம், அது இன்னும் மோசம்.

குழாய் மூடியது ஊருக்கே தெரியும். கயிறு ஏன் நழுவியது என்பது மட்டும் அண்ணிக்குத் தெரியாது. சொன்னால், நஞ்சு அவள் நாற்காலிக்கு எவ்வளவு அருகில் வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். வாரம் தவறாமல் அதில் அவள் நிம்மதியாகச் சாய வேண்டுமே. சொல்லாவிட்டால், ஒரு நகரமே தனக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டது தெரியாமல் பவுடருக்கு நச்சரித்துக்கொண்டிருப்பாள்.

சொல்வதா வேண்டாமா என்பதை அண்ணனும் தங்கையும் என்னிடம் தள்ளிவிட்டார்கள். நான் உங்களிடம் தள்ளுகிறேன். இதோ, சிகிச்சை நாற்காலியில் சாய்ந்தபடி அவள் கேட்கிறாள்:

"என்ன, இப்பல்லாம் நான் போன் பண்ணா ரெண்டு பேரும் மொத மணிலயே எடுத்துடறீங்க?"

நீங்கள் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். பதில் சொல்லுங்கள்.