முதல் லோடு

பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். சுடுகாட்டுப் பாதையைப் பார்த்துவரப் போன சங்கிலிமுத்து முழங்கால் வரை கரிசல் சேற்றோடு வந்து நின்றான்.

"காலு வச்சா புடிச்சிக்கிடுது. தோள்ல தூக்கிட்டுப் போக வழியே இல்ல."

வீரலட்சுமி புருஷன் கோட்டைச்சாமியின் தலைமாட்டில் உட்கார்ந்தபடி அதைக் கேட்டாள். போன வருஷ மழையில் மேலத்தெருப் பெரியவரைத் தூக்கிப் போனபோது ஒருவன் வழுக்கி, பாடை சாய்ந்து, பெரியவர் சேற்றில் விழுந்துவிட்டார். தூக்கிய நால்வரில் கோட்டைச்சாமியும் ஒருவன். அன்று வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடவில்லை. இன்று விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், அப்படியே போய்விட்டான். அவனையும் சேற்றில் போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் அவளுக்கு அழுகைகூடச் சரியாக வரவில்லை.

வாசலில் அவனுடைய பழைய ஜீப் நின்றது. அதன் பின்னால், அவனே வீட்டில் வைத்துச் செய்த டிரெய்லர். நேற்றுச் சாயங்காலம்தான் பச்சை பெயிண்ட் அடித்து முடித்திருந்தான்.

ஊர் ஊராக வீடுகளில் காகிதத்தில் சுற்றும் பட்டாசுக் குழாய்களை ஏற்றி எம். புதுப்பட்டி கம்பெனிகளுக்குக் கொண்டுபோவது அவன் தொழில். மழை விழுந்தால் கரிசல் பாதையில் லாரி வராது. அதற்குத்தான் இந்த டிரெய்லர். தீபாவளி முடிந்து கம்பெனிகள் அடைத்ததும் வேலையை ஆரம்பித்தான். வேலை சக்கரம் மாட்டும் அச்சில் வந்து நின்றுவிட்டது.

தம்பி தங்கச்சாமி விருதுநகர் பழைய இரும்புக் கடையிலிருந்து ஓர் அம்பாசிடர் கார் அச்சைக் கொண்டுவந்து போட்டிருந்தான். அது பதினைந்து நாள் வாசலில் கிடந்தது. வீரலட்சுமி கொழுந்தன் பக்கம்தான் பேசினாள்.

"இருக்கிறதப் போட்டு முடிங்க. எம்புட்டு நாளைக்கு வாசல்ல இரும்பத் தாண்டித் தாண்டிப் போறது?"

கோட்டைச்சாமி அவள் குழாய் கட்டும் நூலை எடுத்து ஜீப்பின் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே பிடித்து முடிச்சுப் போட்டான். பிறகு அதை அம்பாசிடர் அச்சின் மேல் வைத்தான்.

"பாத்தியா, ரெண்டு பக்கமும் மூணு மூணு விரக்கடை வெளிய நிக்கி. ஜீப்பு அமுக்கின தடத்துல இது வராது. சேத்துல தனியாத் தடம் உழுதுக்கிட்டு வரும். அம்புட்டையும் ஜீப்புல்ல இழுக்கணும்? சக்கரம் மாட்டுற ஹப்பும் சேராது. ஜீப்புச் சக்கரத்த இதுல மாட்ட முடியாது. ரெண்டு வண்டிக்கும் ரெண்டு ஸ்டெப்னியா தூக்கிட்டுத் திரிய?"

"ஊருல இல்லாத வண்டி ஓட்டுறீக" என்று சொல்லிவிட்டு அவள் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடைசியில் கடைக்காரர் செல்லில் கூப்பிட்டு, ஹப்போடு ஒரு ஜீப் அச்சு வந்திருப்பதாகச் சொன்னார். அதை மாட்டி, கிரீஸ் வைத்து, ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றியவன் வாசலிலிருந்து குரல் கொடுத்தான்.

"ஏ புள்ள, வந்து பாத்துட்டுப் போ."

உலை கொதிக்கிறது என்று சொல்லி அவள் போகவில்லை. உலை வைத்திருக்கவே இல்லை.

"தம்பி" என்றாள் இப்போது. "டிரெய்லர்ல கொண்டு போங்க."

தங்கச்சாமி அவளைப் பார்க்காமலே சொன்னான்: "புது வண்டி, மதினி. மொத லோடா இத ஏத்தினா, நாளைக்கு எவன் இதுல குழாய் ஏத்துவான்? நீங்களும் பிள்ளைகளும் பொழைக்கணும்ல."

அவன் சொன்னதில் தப்பில்லை. பெரியவர்களும் தலையாட்டினார்கள். அவள் கோட்டைச்சாமியின் முகத்தைப் பார்த்தாள். நேற்றைய பச்சை பெயிண்ட் காதோரத்தில் ஒரு பொட்டு ஒட்டியிருந்தது.

எழுந்து வீட்டுக்குள் போனாள். தான் சுற்றிக் கட்டி வைத்திருந்த குழாய்க் கட்டுகளில் இரண்டை மார்போடு அணைத்து எடுத்துவந்து டிரெய்லரில் வைத்தாள்.

"இது மொத லோடு" என்றாள். "கம்மாக்கரை வரைக்கும் ஓட்டிட்டு வாங்க. அடுத்த லோடுதான் உங்க அண்ணன்."

கோட்டைச்சாமியின் அத்தை பேச்சியம்மாள் எழுந்தாள். அடுப்படியிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்துவந்து டிரெய்லரின் இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொன்று வைத்தாள். "எடுலே வண்டிய" என்றாள். தங்கச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினான்.

ஜீப் கம்மாக்கரை வரை போய்த் திரும்பி வந்தது. குழாய்களை இறக்கிவிட்டு அவனை ஏற்றினார்கள்.

பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள். ஜீப் கரிசலில் இறங்கியது. ஆண்கள் வரப்போரமாகத் தட்டுத் தடுமாறி நடந்தார்கள். வீரலட்சுமி முந்தானையை வாயில் அழுத்தியபடி நின்றாள். பெரியவர் விழுந்த இடத்தில் ஜீப் ஒரு தடவை முனகியது. டிரெய்லர் சாயவில்லை, அலுங்கவில்லை. கருவேல மரங்களுக்கு அந்தப் பக்கம் திரும்பி மறைந்தது.

"வா தாயி, போயி தலைக்கு ஊத்தணும்" என்று பேச்சியம்மாள் தோளைத் தொட்டாள்.

வீரலட்சுமி குனிந்து சேற்றைப் பார்த்தாள். போனது நான்கு சக்கர ஜீப்பும் இரண்டு சக்கர டிரெய்லரும். சேற்றில் இரண்டே கோடுகள்தான் இருந்தன.

"நீங்க முன்னால போங்க அத்தை" என்றாள். "நான் பாத்துட்டு வாரேன்."