சின்னவளுக்கு ஏற்றிய லோடு

வீட்டில் அவர்களுக்குப் பெரியவள், சின்னவள் என்று பேர். பார்சல் கிடங்கில் அது தலைகீழ். அங்கே சின்னவள் வேன் டிரைவர். நிரந்தர வேலை, முழுச் சம்பளம், உடம்புக்கு முடியாவிட்டால் லீவு, அந்த லீவுக்கும் சம்பளம். பெரியவள் லோடு ஏற்றுகிறவள், பார்ட் டைம். விடியற்காலையில் நாலு மணி நேரம்தான் ஷிப்டு. அதுவும் நிச்சயமில்லை. பெல்ட்டில் பார்சல் குறைவாக வந்தால், இன்றைக்கு இது போதும் என்று பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பஸ்ஸுக்குக் கொடுத்தது கொடுத்ததுதான்.

இத்தனைக்கும் சின்னவளை அந்தக் கிடங்குக்குள் கூட்டிவந்ததே பெரியவள்தான். சூப்பர்வைசரிடம் பல்லை இளித்து, "கூடப் பிறந்தவ சார், மாடா உழைப்பா" என்று கெஞ்சி வாங்கிக் கொடுத்த வேலை. வந்தவள் கொஞ்ச காலம் பெல்ட்டருகே நின்றாள். டிரைவர் ஒருவர் திடீரென்று வேலையை விட்டு நின்றுவிட, யாரிடம் லைசென்ஸ் இருக்கிறது என்று கேட்டார்கள். சின்னவளிடம் இருந்தது, பெரியவளிடம் இல்லை. அவ்வளவுதான் சமாசாரம். மறுநாளே சின்னவள் கையில் வேன் சாவி. பெரியவள் வயிற்றில் அன்றைக்குப் பற்றிக்கொண்டது இன்னும் அணைந்தபாடில்லை.

முன்பின் தெரியாத எவளோ ஒருத்தி காரில் போனால் நமக்கென்ன வந்தது? நம்மோடு ஒரே பாயில் படுத்து, நாம் போட்டுக் கழித்த சட்டையைப் போட்டு வளர்ந்தவள் போனால்தான் கண்ணை உறுத்தும். பெரியவள் கெட்டவள் இல்லை. தங்கைக்குக் காய்ச்சல் என்றால் முதல் ஆளாக ஓடுவாள். ஆனால் தங்கைக்குச் சம்பளம் ஏறியது என்றால் அவளுக்கே காய்ச்சல் வந்துவிடும்.

இதில் பெரிய கொடுமை, சின்னவளின் வேனுக்குத் தினமும் லோடு ஏற்றுவது பெரியவள்தான். அதற்கு ஒரு முறை உண்டு. கடைசியாகக் கொடுக்க வேண்டிய பார்சல் முதலில் உள்ளே போக வேண்டும். முதலில் கொடுக்க வேண்டியது கதவோரம் வர வேண்டும். முகவரிச் சீட்டு வெளியே பார்க்க வேண்டும். எத்தனையாவது வீடு என்று ஒவ்வொரு பெட்டியிலும் தடித்த பேனாவால் எண் போட வேண்டும். அப்படி ஏற்றியிருந்தால் டிரைவர் கதவைத் திறந்து கையை நீட்டினால் போதும். தாறுமாறாக ஏற்றினால் தொலைந்தது, வீட்டுக்கு வீடு பின்னால் ஏறித் தவழ வேண்டும். பெரியவள் ஏற்றிய வண்டி என்றால் டிரைவர்கள் மத்தியில் தனி மரியாதை. மரியாதைக்குத்தான் சம்பளம் கிடையாது.

கிடங்கு என்பது தகரக் கொட்டகை. வெயில் காலத்தில் விடியும்போதே உள்ளே வெந்துவிடும். இருக்கிற ஒரே பெரிய மின்விசிறி சூப்பர்வைசர் நிற்கிற பக்கமே திரும்பி நிற்கும். ஷிப்டு முடிந்து, முதுகோடு ஒட்டிய சட்டையுடன் பெரியவள் பஸ் நிறுத்தத்துக்கு நடப்பாள். அப்போது பின்னாலிருந்து ஒரு ஹாரன். கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டுக்கொண்டு சின்னவள் கையசைத்துக்கொண்டே கடந்து போவாள். வண்டியில் வேறு யாரையும் ஏற்றக் கூடாது என்பது கம்பெனி விதி. அது பெரியவளுக்கும் தெரியும். ஆனாலும் உள்ளே ஏசி ஜில்லென்று அடிக்க, அந்தச் சிறுக்கி மகாராணி மாதிரி உட்கார்ந்து போகிறாளே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

பெரியவளும் சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காரில் பழகி, பள்ளத்தில் ஒருமுறை இறக்கி, அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, ஒருவழியாக லைசென்ஸ் வாங்கிவிட்டாள். டிரைவர் வேலை கேட்டு இரண்டு தடவை எழுதிக் கொடுத்தாள். ஒரு பதிலும் வரவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள், வேனுக்குப் பின்புறம் சின்னவளும் சூப்பர்வைசரும் நின்று குசுகுசுவென்று பேசுவதைப் பார்த்தாள். சின்னவள் இவள் இருக்கும் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னாள். சூப்பர்வைசர் சிரித்தார். பெரியவள் அருகே போனதும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"என்னடி பேச்சு?" என்றாள் பெரியவள்.

"ஒண்ணுமில்லக்கா. சும்மா."

அந்தச் சும்மா பெரியவளின் தொண்டையில் முள்ளாக மாட்டிக்கொண்டது. சாயங்காலம் வீட்டில் பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்தாள்.

"என்ன, தலைவலியா?" என்றார் அவள் வீட்டுக்காரர். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "இல்ல, தங்கச்சிவலியா?" என்றும் கேட்டார்.

"எனக்கு ஏன் இத்தனை நாளா பதில் வரலன்னு இப்பத்தான் புரியுது. அவதான் போட்டுக் குடுக்குறா. நானும் டிரைவர் ஆயிட்டா அவ மவுசு குறைஞ்சுடுமாம்."

"உன் காதால கேட்டியா?"

"கேக்கணுமா? அவ மூஞ்சியப் பார்த்தாலே தெரியாதா எனக்கு?"

கூடப் பிறந்த முகத்தைப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைப்பவர்கள்தான் இந்த உலகத்தில் அதிகமாக மூக்குடைபடுகிறார்கள். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பெரியவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். தனக்கு எவ்வளவு ஒழுங்காக ஏற்றத் தெரியுமோ அவ்வளவு ஒழுங்காகக் கலைத்து ஏற்றினாள். முதல் தெருப் பார்சல்களை வண்டியின் அடி மூலையில் தள்ளினாள். கடைசித் தெருவின் கனமான பெட்டிகளால் நடுவில் அணை கட்டினாள். மீதியை ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகினாள். சீட்டெல்லாம் உள்பக்கம் பார்த்தபடி; ஒரு பெட்டியிலும் எண் இல்லை. ஸ்கேனருக்குப் பார்சல் வண்டிக்குள் போய்விட்டதா என்பது மட்டும்தான் தெரியும், எந்த மூலையில் கிடக்கிறது என்று தெரியாது. 'ஏசியில உக்காந்து போறியா மகளே, இன்னைக்குப் பின்னாடி வந்து பாரு' என்று முணுமுணுத்துக்கொண்டே கதவைச் சாத்தினாள். மனசுக்குக் குளுகுளுவென்று இருந்தது.

சின்னவள் வரவில்லை. சூப்பர்வைசர்தான் வந்தார். சாவியை நீட்டினார்.

"உன் தங்கச்சி இன்னைக்கு லீவு. சம்பளமில்லாத லீவு, உனக்காகத்தான். உன்னை ஒரு நாள் ஓட்டிப் பார்க்கச் சொல்லி என் உயிரை எடுத்துட்டா. மேலிடம் சரின்னு சொல்ற வரைக்கும் உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு நான்தான் சொல்லியிருந்தேன். ஒரே ஒரு நாள் ட்ரையல். இத்தனையும் குடுத்துட்டு வந்துட்டா, அடுத்த மாசத்திலிருந்து நீயும் நிரந்தரம்."

பெரியவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சந்தோஷத்தால் அல்ல. சாத்திய கதவைப் பார்த்தாள்.

"சார், லோடை ஒரு தடவை இறக்கி..."

"எதுக்கு? நீ ஏத்தின வண்டிதானே? பின்னாடி அடுத்த வண்டி நிக்குது பாரு. கிளம்பு."

ஏறி உட்கார்ந்தாள். முதல் வேலையாக ஏசியைப் போட்டாள். அனல் அடித்தது. மறுபடி திருகினாள், அதே அனல். சரி, கண்ணாடியை இறக்கலாம் என்று பார்த்தால் பித்தான் செத்துப் போயிருந்தது. இரண்டு பக்கமும். சின்னவள் தினமும் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனதன் ரகசியம் அதுதான். இருக்கையின் பக்கத்தில் ஈரத்துணி ஒன்று காய்ந்து விறைத்துக் கிடந்தது. உப்புக் கரைத்த தண்ணீர் பாட்டில், முழங்காலில் மாட்டும் பட்டை, வலிக்குத் தடவும் தைலம். மகாராணியின் சீதனம்.

இதைப் பார்த்ததும் பெரியவள் மனசு இளகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது வேறு. 'இவ்வளவு கஷ்டத்தையும் என்கிட்ட சொல்லாம அடக்கிக்கிட்டு, தியாகி மாதிரி கையை ஆட்டிட்டுப் போனியே' என்று அதற்கும் ஒரு கோபம் வந்தது.

முதல் தெருவில் நிறுத்திப் பின்கதவைத் திறந்தாள். அணை கட்டிய பெட்டிகள் அவளை உறுத்துப் பார்த்தன. நாலு பெட்டிகளை ரோட்டில் இறக்கி, சந்து பண்ணி, வயிற்றால் தவழ்ந்து உள்ளே போனாள். வண்டிப் பின்புறம் கொட்டகையைவிட மோசம். தகரத்தில் கை பட்டால் சுட்டது. சீட்டுத் தெரியாததால் ஒவ்வொரு பெட்டியாகப் புரட்ட வேண்டியிருந்தது. தேடியது கிடைத்து வெளியே வந்தபோது, ரோட்டில் இறக்கிய பெட்டிகளைச் சுற்றி ஒரு நாய் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. இப்படியே அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. ஒரு வீட்டம்மா பார்சலை வாங்கிக்கொண்டே, "தினம் வர்ற பொண்ணு வரலையா? அது டக்குனு குடுத்துட்டுப் போயிடும்" என்றாள். பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்து வாங்கினாள்.

மதியம் போன் வந்தது. சின்னவள்.

"எப்படிக்கா போகுது? ஏசி ஓடாது, சொல்ல விட்டுட்டேன். உப்புத் தண்ணியைக் குடிச்சுக்க. ஆனா லோடைப் பத்திக் கவலையே இல்ல உனக்கு. நீ ஏத்தினா கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம். உன் கை ராசியிலதான் நான் தினம் நேரத்துக்கு முடிக்கிறேன். அதை வெச்சுத்தான் சார்கிட்டயும் பேசினேன்."

பெரியவள் அடிமூலையில் குப்புறக் கிடந்தாள். வாயில் அட்டைத் தூசி.

"என்னக்கா சத்தமே காணோம்?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

பொழுது சாய்ந்து கிடங்குக்குத் திரும்பியபோது வண்டியில் இன்னும் பாதிக்கு மேல் பார்சல் இருந்தது. வாசலில் சூப்பர்வைசர் நின்றிருந்தார். பக்கத்தில் சின்னவள், அக்கா ஜெயித்துவிட்டு வருவதைப் பார்க்க நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். சூப்பர்வைசர் பின்கதவைத் திறந்தார். முகம் மாறியது.

"முதல் தெரு பார்சலே இங்க கிடக்கு. நம்பர் ஒண்ணும் காணோம். இதுவா நீ ஏத்தின லட்சணம்?"

சின்னவள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். ஒரு நொடிதான்.

"நான்தான் சார் காரணம். ரூட் மாறப் போகுது, நம்பர் போடாம சும்மா ஏத்தி வை, காலையில வந்து நானே அடுக்கிக்கிறேன்னு நேத்து அக்காகிட்ட சொல்லியிருந்தேன். லீவு போட்ட அவசரத்துல மறந்துட்டேன்."

சூப்பர்வைசர் அவளைப் பிடிபிடியென்று பிடித்தார். இந்த மாத ஊக்கத்தொகை கிடையாது என்றார். பெரியவள் பக்கம் திரும்பி, "இவ புத்திகெட்டதனத்துக்கு நீ என்ன பண்ணுவே? அடுத்த வாரம் இன்னொரு நாள் ஓட்டு, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இரண்டு பேரும் பஸ் நிறுத்தம் நோக்கி நடந்தார்கள்.

"எதுக்குடி பொய் சொன்னே?"

"அந்த லோடு எனக்கு ஏத்தினதுதானேக்கா?" என்றாள் சின்னவள். குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. "அதான் நானே இறக்கிக்கிட்டேன்."

பெரியவள் நின்றுவிட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். தலைமுடியைப் பிடித்து இழுத்திருந்தால் பதிலுக்கு இழுத்திருப்பாள், சின்ன வயசில் செய்தது போல. நிரந்தர வேலை அவளுக்கு, முழுச் சம்பளம் அவளுக்கு, வீட்டம்மாக்களின் பாராட்டு அவளுக்கு. கடைசியில் நல்லவள் என்கிற பேரையும் அவளே தூக்கிக்கொண்டு போகிறாள். அடுத்த வாரம் வேலை கிடைத்தாலும், சாகும்வரை அது சின்னவள் போட்ட பிச்சையாகத்தான் இருக்கும். பெரியவளுக்கு வயிறு எரிந்தது. ஏசிக்காக எரிந்ததைவிட, சம்பளத்துக்காக எரிந்ததைவிட அதிகமாக எரிந்தது.

விறுவிறுவென்று திரும்பி நடந்தாள். சின்னவள் கூப்பிடக் கூப்பிட நிற்கவில்லை. மின்விசிறி முன்னால் நின்றிருந்த சூப்பர்வைசரிடம் போய் மூச்சு வாங்கச் சொன்னாள்.

"அவ சொன்னது பொய் சார். வேணும்னே கலைச்சு ஏத்தினது நான். அவ ஓட்டப் போறான்னு நினைச்சு ஏத்தினேன்."

ட்ரையல் இனி கிடையாது என்றார் அவர். வேலையை விட்டு எடுக்காமல் இருப்பதே பெரிசு, காலையில் எப்போதும் போல லோடு ஏற்ற வந்து சேர் என்றார். சின்னவளின் ஊக்கத்தொகையைப் பிடிக்கப் போவதில்லை என்று பெரியவள் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் வெளியே வந்தாள்.

பின்னாலேயே வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வாசலில் சின்னவள் கண்கலங்கி நின்றிருந்தாள். "ஏன்க்கா இப்படிப் பண்ணினே? டிரைவர் வேலை போச்சே."

"போகட்டும்," என்றாள் பெரியவள். "எல்லாத்தையும் நீ ஒருத்தியே எடுத்துக்குவியா?"

பஸ் வந்தது. ஒரே ஒரு இடம்தான் காலியாக இருந்தது. நீ உட்கார், நீ உட்கார் என்று இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே, இறங்கும்வரை நின்றுகொண்டு போனார்கள்.