பறக்காத ஐந்து

'பாட்டில்' அண்ணன் ஆய்வுக்கூடத்துக்குத் தரவேண்டிய கடன் பதினேழாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். கைநீட்டி வாங்கிய கடன் இல்லை. பழ ஈக்கள் அவர் தலையில் கட்டிவிட்ட கடன்.

ஈ வளர்க்கும் பாட்டில்களைக் கழுவுவது, மாவும் பாகும் காய்ச்சி அடியில் ஊற்றுவது, பஞ்சால் வாயை அடைப்பது அவர் வேலை. ஜன்னலே இல்லாத அறை. எந்நேரமும் ஒரே வெக்கை, ஒரே புளித்த வாடை. பன்னிரண்டு வருஷமாக அங்கேயே வேகிறார்.

போன மாதம் அங்கே ஈக்களை வைத்து ஆராய்ச்சி செய்யும் மேடம் வெள்ளைக் கண் தாய்களையும் சிவப்புக் கண் தகப்பன்களையும் ஒரு பாட்டிலில் விட்டார். கண் நிறத்தை மகன் தாயிடம் மட்டுமே வாங்கும். மகள் தகப்பனிடமும் வாங்கும், அங்கே சிவப்புதான் ஜெயிக்கும். ஆகவே மகன் எல்லாம் வெள்ளை, மகள் எல்லாம் சிவப்பு என்று முன்கூட்டியே எழுதி வைத்தார். எண்ணிப் பார்த்தால் ஐந்து ஆண்களுக்குச் சிவப்புக் கண்.

"அண்ணே பஞ்சைச் சரியா அடைக்கல. வெளி ஈ பறந்து வந்து கலந்துடுச்சு" என்று முடிவாயிற்று. சந்தேகத்தில் வெள்ளைக் கண் வம்சமே சுடுதண்ணீரில் போனது. புது வம்சம் வரவழைத்த செலவு அண்ணன் பேரில் ஏறியது. கடன் தீராமல் விடுவிப்புக் கடிதம் கிடையாது. கடிதம் இல்லாமல் மச்சான் பார்த்துவைத்த வேலையில் சேர முடியாது. வெள்ளிக்கிழமை தாண்டினால் அந்த இடம் வேறு ஆளுக்கு.

வியாழக்கிழமை கழுவப் போட்ட குப்பிகளுக்கு நடுவே அந்த ஐந்தும் கிடந்தன, ஸ்பிரிட்டில் ஊறி. அண்ணன் விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். அப்படியே மேடத்திடம் போனார்.

"லீவு லெட்டர்னா மேசையில வச்சிட்டுப் போங்கண்ணே."

"லீவு இல்ல மேடம். அந்தத் தாய்ங்களுக்கு இறக்கை நீளமா, குட்டையா?"

"தாய் நீளம், தகப்பன் குட்டை. ஏன், பாடம் எடுக்கப் போறீங்களா?"

"பிள்ளைங்க?"

"எல்லாம் நீளம். இறக்கைக்கு ஆண், பொண்ணு வித்தியாசம் இல்ல. தாய் தர்ற பங்கு ஒண்ணே போதும்."

அண்ணன் குப்பியை நீட்டினார். "அப்போ இந்தக் குட்டையெல்லாம் யாரு பெத்த பிள்ளைங்க?"

மேடம் லென்ஸை எடுத்தார். ஐந்தையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"பறந்து வந்துச்சுன்னீங்க. இதுங்களுக்குப் பறக்க இறக்கை எங்க மேடம்?"

மேடம் லென்ஸைக் கீழே வைத்தார்.

"தகப்பன் எத்தனை போட்டீங்க?"

"அஞ்சு" என்றார் மேடம், குரல் இறங்கி.

பிள்ளைகள் வெளிவருமுன், எட்டாம் நாள், பெற்றோரைப் புதுப் பாட்டிலுக்கு மாற்றியது மேடம்தான். மேலே காலி பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்ததும் தாய்கள் பறந்து ஏறிவிட்டன. பறக்கமுடியாத தகப்பன்கள் மாவிலேயே ஒண்டிக்கிடந்து, பிள்ளைகளோடு பிள்ளையாக எண்ணிக்கையில் ஏறிவிட்டன.

"அடுத்த வாரம் மேல பேசி..."

"நாளைக்கு வெள்ளி மேடம்."

மேடம் பேரேட்டை இழுத்து, கருணை அடிப்படையில் தள்ளுபடி என்று எழுதினார். அண்ணன் நகரவில்லை.

"கருணையெல்லாம் வேணாம் மேடம். வாங்காத கடனுக்கு எதுக்குத் தள்ளுபடி?"

மேடம் அவரை ஒருமுறை பார்த்தார். எழுதியதை அடித்தார். 'எண்ணியது நான், பிழையும் என்னுடையது. இவருக்குக் கடன் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.