இடது பக்க அணை

அண்ணன், தம்பியின் முழங்கால்களை அழுத்தினான். கையை எடுத்ததும் அவை மெல்ல எழுந்து பழைய நிலைக்கே வந்தன. மறுபடியும் அழுத்தினான்.

"விடு அவனை," என்றாள் தங்கை.

"மூடி எப்படி மூடும்?"

விடியலில் இறந்த தம்பி, பெட்டிக்குள்ளும் சக்கர நாற்காலியில் இருப்பவனைப் போலவே மடங்கிக் கிடந்தான். முதுகு இடப்புறம் வளைந்திருந்தது. பெட்டியோ நீளமானது, ஆழம் போதாதது.

"யார் அளவு குடுத்தது?"

"என் உயரம்தானே இருப்பான்னு சொன்னேன்."

"அவன் நின்னு பாத்திருக்கியா நீ?"

அண்ணி, நாற்காலியின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவந்து கணவனிடம் நீட்டினாள். "கட்டிடுங்க. எங்க சொந்தக்காரங்க வர்ற நேரம். கோணலாக் கிடந்தா என்ன நெனப்பாங்க?"

"இப்படி ஒருத்தன் இருந்தத இத்தனை நாளா மறைச்சிட்டீங்கன்னு நெனப்பாங்க, அண்ணி."

அண்ணன் பட்டையை முழங்கால்களின் மேல் போட்டு இறுக்கினான். தம்பியின் இடுப்பில் ஏதோ நெரிந்தது. கொக்கியைத் தங்கை ஒரே அழுத்தில் விடுவித்தாள். தினமும் செய்த வேலை.

"செத்தப்புறமாவது நேரா இருக்கட்டுமே," என்றான்.

"உன் பெட்டிக்காகவா?"

ஓரமாய் நின்றிருந்த சவப்பெட்டிக் கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "ஆழமானது ஒண்ணு இருக்கும்மா. கட்டையா, அகலமா இருக்கும். பார்வைக்கு அவ்வளவு எடுப்பா இருக்காது."

"கொண்டு வாங்க."

"அப்ப எல்லாத்தையும் நீயே பாத்துக்க," என்று சொல்லி, அண்ணன் கைக்கெட்டிய இருக்கையில் போய் விழுந்தான். அது தம்பியின் சக்கர நாற்காலி.

புதிய பெட்டி வந்தது. காலைதோறும் செய்த அதே வரிசையில் அவள் தொடங்கினாள்: முதலில் இடுப்பு, அடுத்துத் தொடைகளுக்கிடையே பஞ்சுக்கட்டை, பிறகு தலையணை. இடது விலாவின் கீழ் மட்டும் இடைவெளி இருந்தது.

அண்ணன் நெளிந்துகொண்டிருந்தான். தம்பியின் உடலுக்கென வார்த்த இருக்கை அவனை ஒருக்களித்துத் தள்ளியது. இடது பக்க அணைத் திண்டுதான் விலாவில் முட்டித் தாங்கியது.

"இதுல எப்படித்தான் உக்காந்தானோ."

அவள் பெட்டியை விட்டு நகர்ந்தாள். அருகே வந்து குனிந்தாள். ஒரு கணம், தன்னைத் தொட வருகிறாள் என்று அவன் எண்ணியிருக்கலாம், முகத்தைத் தூக்கினான். அவள் திருகாணியைத் தளர்த்தி, அவன் விலாவோரமிருந்த அணையை உருவிக்கொண்டு பெட்டிக்குத் திரும்பினாள்.

அண்ணன் இடப்புறமாகச் சரிந்தான். அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.