சுடாத கை

எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. வெல்டிங் முடிந்த இரும்பு ஆறுவதற்குள் வெறுங்கையால் எடுத்து அடுத்தவன் மேசையில் வைக்க வேண்டும். முகம் சுளித்தால் அன்று முழுக்கக் கேலி. கொஞ்ச நாளாக நான் சுளிப்பதே இல்லை. "இது கையா, இடுக்கியா?" என்பான் கிரைண்டிங் பிடிக்கும் கட்டையன். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான்.

பல வருடத்துக் கழுத்து வலியும் அப்போதுதான் விட்டிருந்தது. வெல்டிங் முகமூடியை இறக்கக் கை ஒழியாது. தலையை வெடுக்கென்று முன்னால் ஆட்டுவோம், அது தானே விழும். நாள் முழுக்க அதே ஆட்டம். வலி போனதும் கழுத்து சரியாகிவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். சட்டைப் பொத்தான் மாட்ட வராததை வயதின் கணக்கில் தள்ளினேன்.

ஒரு நாள் தோல் கருகும் வாடை வந்தது. எங்கிருந்து என்று சுற்றிப் பார்த்தேன். கட்டையன் பாய்ந்து வந்து என் கையிலிருந்த இரும்பைத் தட்டிவிட்டான்.

"அண்ணே, கை வேகுதுண்ணே! தெரியலையா?"

தெரியவில்லை. சுண்டுவிரல் வெள்ளையாக வெந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

மருத்துவமனையில் கட்டுப் போட்டவர் விரல்களில் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு முதுகெலும்பு டாக்டரிடம் அனுப்பினார். அந்த அம்மா என் நடுவிரல் நகத்தைச் சுண்டினார். கட்டைவிரல் தானாகத் துள்ளியது. நான் துள்ளச் சொல்லவில்லை. நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். தள்ளாடினேன்.

"குடிக்கிறதுண்டா?"

"அந்தப் பழக்கம் இருந்திருந்தா, காரணமாவது கிடைச்சிருக்கும்" என்றாள் கூட வந்திருந்த என் மனைவி.

ஸ்கேன் படத்தில் டாக்டர் பேனாவை வைத்தார். "இது தண்டுவடம். டிஸ்க் தேய்ஞ்சு பிதுங்கி, எலும்பும் முள்ளு விட்டு, ரெண்டும் சேர்ந்து இதை நெரிக்குது."

"வலியே இல்லீங்களே?"

"இந்த நோய்ல வலியை நம்பக் கூடாது. சூடுகூடத் தெரியலையே உங்களுக்கு."

"மாத்திரை, கழுத்துப் பட்டை ஏதாவது..."

"நெரிசல் இந்த அளவுக்கு வந்த பிறகு அதெல்லாம் போதாது. முன்கழுத்து வழியா டிஸ்க்கை எடுத்துட்டு, இடைவெளில ஒரு எலும்புத் துண்டு வெச்சு, தகடு போட்டு முடுக்கணும். தள்ளிப்போட்டா நடை போயிடலாம். ஒண்ணுக்குக்கூட அடக்க முடியாமப் போகலாம்."

"பண்ணினா கை திரும்புமா?"

"போனதுக்கு நான் பொறுப்பேத்துக்க முடியாது. இருக்கறதைக் காப்பாத்தத்தான் ஆபரேஷன்."

"அதுலயே கால் விழுந்துட்டா?"

"ரொம்ப அபூர்வம். ஆனா நடக்கவே நடக்காதுன்னு சொல்ல மாட்டேன்."

அந்த 'ஆனா' மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது.

மச்சினன் ஒரு ஆளைச் சொன்னான். "கழுத்தைப் பிடிச்சு ஒரே திருப்பு மாமா, சொடக்குன்னு சரியாயிடும்."

"உன் கழுத்தைக் கொண்டுபோய்க் குடுடா" என்றாள் அவன் அக்காக்காரி, என் மனைவி.

அவன் போன பிறகு, விலாசத்தைக் கேட்டு வைத்திருக்கலாமோ என்று நினைத்தேன். கத்தியைத் தவிர எதற்கும் தயாராக இருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"இப்பப் பொத்தான் போட்டு விடறேன். நாளைக்குக் குண்டி கழுவி விடணும்னாலும் செய்வேன். ஆனா பயந்துக்கிட்டு உக்காந்து என்னைச் செய்ய வைக்காதீங்க."

அடுத்த வாரம் ஆபரேஷனுக்கு மருத்துவமனையில் சேர்ந்தேன்.

விழித்தபோது தொண்டையில் முள் வைத்துத் தைத்த மாதிரி இருந்தது. கழுத்தில் பட்டை. காலை அசைத்துப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பு முதலில் வந்தது. அசைக்கவில்லை. முயற்சி செய்யாதவரை கால் இருக்கிறது. செய்து, அது வராவிட்டால்? கண்ணை மூடிக்கொண்டேன். டாக்டரின் குரல் கேட்டது. நர்ஸ் கூப்பிட்டாள். நான் பிணம்போலக் கிடந்தேன்.

"நடிக்கிறார், டாக்டர்" என்றாள் மனைவி. "தூங்கினா குறட்டையில கட்டில் ஆடும்."

போர்வைக்குள் கை விட்டு என் கால் கட்டைவிரலைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. அது எனக்குத் தெரிந்தது.

"இழுங்க" என்றாள். குரலில் கிண்டல் இல்லை.

இழுத்தேன். அவள் பிடியிலிருந்து விரல் நழுவி வந்தது.

"இன்னொரு தடவை" என்றாள்.