இரண்டு கையும்

எவ்வளவு சிரிக்கச் சொல்வார்கள்? பல் தெரியவா, தெரியாமலா? சிரிப்பு வராவிட்டால் என்ன செய்வார்கள்?

விடியும் முன்பே வரச் சொல்லியிருந்தார்கள். டப்பா மூடிகள் செய்யும் அந்தத் தொழிற்சாலையின் தரையில் முட்டி போட்டு, எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தாள் அவள். மண்ணெண்ணெய் நாற்றம் தொண்டை வரை இறங்கியிருந்தது. தோல் உரிந்த விரல்கள் எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை. நாத்தனாரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன நாளிலிருந்து அவளுக்கு எதுவும் எரிவதில்லை.

"என் கல்யாணத்துக்குக்கூட வீட்டை இப்படித் தேய்க்கலடி," என்றாள் பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்த கண்ணாடிக்காரி. "மாப்பிள்ளை யாராம்?"

"கேமராவாம்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் வாயை மட்டும் அசைத்தாள்.

வெளியூர்க் கம்பெனி ஒன்று பெரிய ஆர்டர் கொடுப்பதற்கு முன் தொழிற்சாலையைப் படத்தில் பார்க்க வேண்டுமாம். முதலாளி படம் எடுக்கும் நிறுவனம் ஒன்றைப் பிடித்தார். சுவர் பளிச்சென்று இருக்கட்டும் என்றார்கள், வெள்ளையடித்தார். எல்லோருக்கும் நீலச் சட்டை என்றார்கள், தைத்துக் கொடுத்தார். காற்றாடி கேட்டு அவர் அறை வாசலில் நடையாய் நடந்த பெண்களுக்கு அப்போதுதான் தெரிந்தது, கேட்டால் கிடைக்கும் இடமும் அதுதான் என்று.

முந்தின நாள் சூப்பர்வைசர் மெஷின்களில் ஒட்டியிருந்த டேப்பையெல்லாம் பிய்த்துவிட்டிருந்தார். ஒவ்வொரு மெஷினிலும் இந்தப் பக்கம் ஒரு பட்டன், அந்தப் பக்கம் ஒரு பட்டன். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் தகட்டை மூடியாக வெட்டும் அச்சு இறங்கும். இரண்டு கையும் வெளியே இருப்பதற்காகவே அந்த ஏற்பாடு. ஆனால் அப்படி ஓட்டினால் மூடிகளின் எண்ணிக்கை குறையும். அதனால் வலப்பக்கப் பட்டனை அழுத்தி டேப் ஒட்டிவிடுவது இங்கே வழக்கம். இடக்கை பட்டனில், வலக்கை அச்சுக்கடியில் தகட்டைத் தள்ளிக்கொண்டிருக்கும். அப்படித் தள்ளிய கையை இழுத்துக்கொள்ளத்தான் நாத்தனாருக்கு ஒரு நொடி பிந்திவிட்டது. விரல்கள் போயின. அஜாக்கிரதை என்று கை கழுவிவிட்டார் முதலாளி.

வீட்டில் நாத்தனாருக்குச் சோறு ஊட்டும்போதும் அவளுக்கு அழுகை வரவில்லை. நெஞ்சுக்குள் பஞ்சு அடைத்ததுபோல இருந்தது. நான் நல்லவள்தானா என்றுகூட நினைத்துப் பார்த்தாள். அதுவும் வலிக்கவில்லை.

விளக்குகள் எரிந்தன. பெண்கள் மெஷின்களின் முன் வரிசையாக உட்கார்ந்தார்கள். படக்காரர் பணிவாகத்தான் பேசினார். "கேமரா இருக்கறதையே மறந்துடுங்க. தினம் எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்ங்க."

அப்படியே செய்தார்கள். அவள் வலக்கையால் தகட்டைத் தள்ளி இடக்கையால் பட்டனை அழுத்தினாள். மெஷின் அசையவில்லை. பக்கத்து மெஷினும் அசையவில்லை. அதற்கடுத்ததும். அச்சுக்கடியில் ஒரு கையை நீட்டிக்கொண்டு வரிசை முழுவதும் அப்படியே உட்கார்ந்திருந்தது.

"கரண்ட் போயிடுச்சா?" என்றார் படக்காரர்.

"ரெண்டு கையும்! ரெண்டு கையும் வைங்க!" சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

அவள் அச்சுக்கடியில் கிடந்த கையைப் பார்த்தாள். அது யாருடைய கையாகவும் இருக்கலாம்போலத் தோன்றியது. மெல்ல வெளியே எடுத்தாள். விரல்நுனிகள் குறுகுறுத்தன.

முதலாளி அருகில் வந்தார். "உன் முகம் படத்துக்கு நல்லா இருக்காம்மா. ஒரே ஒரு வரி. 'ரெண்டு கையும் வெளியே இல்லேன்னா இங்க மெஷின் ஓடவே ஓடாது.' சிரிச்ச முகமா சொல்லிடு."

"எப்பவுமேங்களா?"

"எப்பவும்தான்."

"அப்போ எங்க நாத்தனார் விரல் எப்படிங்க போச்சு?"

"அவ கதையை இப்ப எதுக்கு இழுக்கறே? இந்த ஆர்டர் வந்தா உங்களுக்குத்தானே சோறு?"

"ஊட்டி விடறதுக்கும் ஆள் போடுவீங்களா முதலாளி?" என்றாள் கண்ணாடிக்காரி.

"யாருடி அது?"

கண்ணாடிக்காரி எழுந்தாள். "நான்தான். அவ கைக்கு ஒரு வழி சொல்லுங்க. இனிமே டேப் ஒட்ட மாட்டோம்னும் சொல்லுங்க. அப்புறம் படம் எடுக்கலாம்."

பின்வரிசையில் ஒரு முக்காலி நகர்ந்தது. இன்னொன்று. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை. படக்காரர் கேமராவின் மேல் கை வைத்தபடி தரையைப் பார்த்தார்.

"நிக்கறவங்க நிக்கட்டும், அவங்களை அப்புறம் பாத்துக்கறேன்," என்று முதலாளி இவள் பக்கம் குனிந்தார். "நீ சொல்லு. நாளைக்கு வேலைக்கு வரணுமா, வேண்டாமா?"

அந்த வரி படத்தில் ஏறிவிட்டால் மெஷின்மேல் குற்றமில்லை, கையை விட்டவள்தான் குற்றவாளி என்றாகிவிடும். சொல்லாவிட்டால் வீட்டில் இரண்டு பேர் வேலையில்லாமல். எழுந்து நின்றாள். தோல் உரிந்த விரல்கள் எரிந்தன, எரிவது தெரிந்தது. கண்ணாடிக்காரியின் தோள் அவள் தோளில் சூடாகப் பட்டது.

"இல்லைங்க," என்றாள் மெதுவாக. "அதை நான் சொல்ல மாட்டேன்."